திருப்பித் தருவது வேறு, இழப்பீடு வேறு: விமானம் ரத்தானால் பயணிக்கு உரியவை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று நண்பகல் முதல் மறுநாள் அதிகாலை வரை சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2025 டிசம்பர் முதல் வாரத்தில், இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானிகளின் பணிநேரம், ஓய்வு ஆகியவை பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் திட்டமிட்டு வைக்காததே அதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது. கடலூரிலிருந்து டாக்சி பிடித்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்த பயணிக்கு இந்த இரண்டு நாட்களும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்: அறிவிப்புத் திரையில் ‘ரத்து’, கவுன்ட்டர் முன்னால் நகராத வரிசை, யாரும் எடுக்காத வாடிக்கையாளர் சேவை எண். ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு. முதல் நிகழ்வில் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. இரண்டாவதில் தந்தாக வேண்டும். எந்தக் காரணத்தால் விமானம் பறக்கவில்லை என்பதுதான் பயணியின் கைக்கு வரும் தொகையை முடிவு செய்கிறது. பெரும்பாலான பயணிகள் கேட்டு வாங்காமல் வீடு திரும்புவதும் அந்தக் காரணத்தைத்தான்.

விமானம் ரத்தானாலோ நெடுநேரம் தாமதமானாலோ பயணிக்கு மூன்று வகையான உரிமைகள் உண்டாகலாம். டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறுவது அல்லது மாற்று விமானத்தில் செல்வது ஒன்று. காத்திருக்கும் நேரத்தில் உணவு, தேவைப்பட்டால் தங்கும் அறை ஆகியவற்றைப் பெறுவது இன்னொன்று. இவற்றுக்கு மேலாக, பட்ட சிரமத்துக்கு ஈடாகக் கிடைக்கும் தனித்தொகையான இழப்பீடு மூன்றாவது. ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மற்றொன்று தீர்ந்துபோவதில்லை. டிக்கெட் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததும் விவகாரம் முடிந்தது என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். நிறுவனங்களும் அப்படி நினைக்கும்படியாகவே குறுஞ்செய்தி அனுப்புகின்றன. எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு நடக்கிறது. புயலைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால், டிக்கெட் பணமும் போயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள். புயலானாலும் வெள்ளமானாலும் ரத்து செய்தது நிறுவனம் என்றால், பணத்தைத் திருப்பித் தருவதோ மாற்று விமானம் தருவதோ அதன் கடமை. இயற்கைச் சீற்றம் விலக்கு அளிப்பது இழப்பீட்டிலிருந்து மட்டுமே.

இந்தியாவில் இதற்கான விதிகளை வகுப்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. 2010-இல் முதலில் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட அந்த விதிகளின்படி, ரத்து பற்றிய தகவலை நிறுவனம் எப்போது சொன்னது என்பது முக்கியம். புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. அந்த 24 மணி நேரத்துக்குள் சொன்னாலோ, சொல்லாமலே ரத்து செய்தாலோ, அல்லது ஒரே டிக்கெட்டில் பதிவு செய்த இணைப்பு விமானத்தைப் பயணி தவறவிட நேர்ந்தாலோ இழப்பீடும் சேர்கிறது. பயண நேரம் ஒரு மணி வரை உள்ள விமானத்துக்கு 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் 10,000 ரூபாய் என்று மூன்று படிகள் உள்ளன. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் நிற்கும் வரை அட்டவணையில் குறித்துள்ள நேரமே இங்கே பயண நேரம்.

இந்தத் தொகைகளைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, பத்தாயிரம் வரும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஏனென்றால் விதியில் ஒரு கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன தொகை, அல்லது அந்த வழிக்கான அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒருவர் மொத்தம் 3,400 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்திருக்கிறார், அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணியைச் சற்றுத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன படிகளின்படி அவருக்கு 7,500 ரூபாய். ஆனால் டிக்கெட்டின் கீழ்ப்பகுதியில் அச்சாகியிருக்கும் கட்டணப் பிரிவைப் பார்த்தால், விமான நிலையக் கட்டணம், ஜி.எஸ்.டி., இருக்கைத் தேர்வுக் கட்டணம் எல்லாம் போக அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 2,500 ரூபாயாக இருக்கலாம். அப்படியானால் இழப்பீடு 2,500 ரூபாய்தான். திருப்பித் தரும் 3,400 ரூபாய் இதில் சேராது, அது தனிக்கணக்கு. குறைந்த கட்டணத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவருக்கு, ரத்தான அன்று அதே ஊருக்கு வேறு விமானத்தில் போக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் இந்தத் தொகை பெயருக்குத்தான் ஈடு. நிறுவனத்துக்கு உறைக்கும் அளவில் இந்திய விதி அமையவில்லை என்பது என் கருத்து.

விலக்குகளின் பட்டியலோ நீளமானது. இயற்கைப் பேரிடர், மோசமான வானிலை, கலவரம், அரசின் ஆணை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் வரும் தடை, வேலைநிறுத்தம் என நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை என்று சொல்லக்கூடிய எல்லாம் அதில் அடங்கும். பதிவு செய்யும்போது சரியான தொடர்பு எண்ணைக் கொடுக்காத பயணிக்கும் இழப்பீடு கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனை நம் பக்கத்தில் பலரைப் பாதிக்கும். டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் எடுக்கும்போது, பயணியின் எண்ணுக்குப் பதிலாக டிராவல்ஸ்காரர் தம் எண்ணையும் தம் மின்னஞ்சலையும் போட்டுவிடுவது வழக்கம். ரத்து பற்றிய செய்தி முந்தைய நாள் மாலையில் அவர் கைப்பேசிக்கு வந்து அங்கேயே தங்கிவிடும். ‘நாங்கள் சொல்லிவிட்டோம்’ என்று நிறுவனம் பிறகு ஆதாரத்தோடு வாதிடும். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அதில் தம் எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது என்பதையும், முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கைகழுவ அதற்கு வழியில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘வானிலை’ என்று நிறுவனம் சொன்னதும் வாயடைத்துப்போக வேண்டியதில்லை. அதே நேரத்தில், அதே ஓடுபாதையிலிருந்து, அதே ஊருக்கு வேறு நிறுவனங்களின் விமானங்கள் புறப்பட்டிருந்தால், காரணம் வானிலையா விமானி இல்லாமையா என்ற கேள்வி எழும். அறிவிப்புத் திரையை ஒரு படம் எடுத்து வைத்தால் அந்தக் கேள்விக்குச் சான்று கிடைத்துவிடும். காலையில் வேறு ஊரில் பெய்த மழையால் பிந்திய விமானம் மாலையில் நம் ஊருக்கு வர முடியவில்லை என்பது போன்ற சங்கிலிக் காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிறுவ வேண்டியது நிறுவனம்தான். ஆகவே கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொல்லும் காரணத்தை மின்னஞ்சலிலோ தாளிலோ எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் தரமாட்டார்கள். கேட்டதற்கான மின்னஞ்சல் நம்மிடம் இருந்தாலே பின்னால் அது உதவும்.

தாமதத்துக்கு வருவோம். இந்திய விதிகளில் வெறும் தாமதத்துக்குப் பணமாக இழப்பீடு கிடையாது. பலருக்கும் இது வியப்பாக இருக்கும். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணமென்றால் இரண்டு மணி நேரத் தாமதத்திலும், ஐந்து மணி வரையிலான பயணமென்றால் மூன்று மணி நேரத் தாமதத்திலும், அதற்கும் மேலென்றால் நான்கு மணி நேரத் தாமதத்திலும் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், மாற்று விமானத்தில் செல்லவோ முழுப் பணத்தையும் திரும்பப் பெறவோ பயணி தேர்ந்தெடுக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணி வரை புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் தங்கும் அறை இலவசம். சென்னைவாசி இரவு பதினோரு மணிக்குத் தாம்பரத்துக்கோ வேளச்சேரிக்கோ திரும்பிவிடலாம். நெய்வேலிக்காரரோ சிதம்பரத்துக்காரரோ குழந்தை குட்டிகளோடு அந்த நேரத்தில் எங்கே போவார்? அறை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தாமதம் நீள நீளப் பொறுமை இழந்து, கைப்பேசிச் செயலியில் தாமாகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த நொடியில் அது பயணியே விரும்பிச் செய்த ரத்தாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். ரத்துக் கட்டணமும் பிடிபடும். விமானத்தை ரத்து செய்யும் வேலையை நிறுவனத்துக்கே விட்டுவிட வேண்டும்.

தாமதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 2007 டிசம்பரில் மூடுபனியால் டெல்லியில் பல மணி நேரம் நின்றுபோன ஹைதராபாத் விமானம் பற்றிய வழக்கு அது. மூடுபனியால் வந்த தாமதத்துக்கு நிறுவனம் இழப்பீடு தரத் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் குறைந்த கட்டண நிறுவனமாக இருந்தாலும், காத்திருக்கும் பயணிகளுக்கு அடிப்படை வசதிகளைச் செய்து தரும் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பதையும் அது தெளிவாக்கியது. ‘மலிவு டிக்கெட்தானே’ என்ற பேச்சு இதோடு முடிந்திருக்க வேண்டும். கவுன்ட்டர்களில் இன்னும் முடிந்தபாடில்லை.

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, பயணியை ஏற்றாமல் விடுவது தனி வகை. ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இவற்றின் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேலென்றால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழுப் பணத்தோடு இதே நான்கு மடங்கு கிடைக்கும்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை விவகாரம் இந்திய விதிகளோடு நிற்பதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஆயிரக்கணக்கானோர் இங்கே வாழ்கிறார்கள்; சொல்தா குடும்பங்களின், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்களின், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசுக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஆண்டுதோறும் வந்து போகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறை இவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத்தான் அது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. விமானம் எங்கிருந்து புறப்பட்டது, எந்த நாட்டு நிறுவனம் இயக்கியது என்ற இரண்டையுமே பார்க்கிறது.

பாரிசிலிருந்து புறப்பட்டால் எந்த நாட்டு நிறுவனமானாலும் சட்டம் பொருந்தும். பாரிஸ்–தோஹா–சென்னை என்று ஒரே பதிவில் வளைகுடா நிறுவனத்தில் வருகிறவர், தோஹாவில் இணைப்பு விமானம் பிந்தியதால் சென்னைக்கு நெடுநேரம் தாமதமாக வந்து சேர்ந்தாலும், முழுப் பயணமும் ஐரோப்பாவிலிருந்து தொடங்கிய ஒரே பயணமாகவே எண்ணப்படும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. திரும்பும் திசையில் கதை மாறுகிறது. சென்னை–தோஹா–பாரிஸ் பயணம் ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்குகிறது, இயக்குவது ஐரோப்பிய நிறுவனமும் அன்று. எனவே சட்டம் பொருந்தாது. போக வர ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை என்று 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சொல்கிறது. அதே சென்னை–பாரிஸ் பயணத்தை லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் வழியாகச் செய்திருந்தால், அது ஐரோப்பிய நிறுவனம் என்பதால் சட்டம் பொருந்தும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற ஒரே குடும்பத்துக்கு வரும் வழியில் உரிமை உண்டு, போகும் வழியில் இல்லை என்றால் நம்பக் கடினம்தான். டிக்கெட்டை விற்றவர் யார் என்பதைவிட விமானத்தை இயக்கியவர் யார் என்பதே கணக்கில் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொகையும் இந்தியத் தொகையைப் போல் இல்லை. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 கிலோமீட்டர் வரை 400 யூரோ, அதற்கு மேல் 600 யூரோ. பாரிஸ்–சென்னைத் தொலைவுக்குக் கடைசிப் படியே பொருந்தும். டிக்கெட் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சலுகை விலையில் வாங்கிய டிக்கெட்டுக்கும் 600 யூரோதான். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2,400 யூரோ. தாமதத்துக்கும் இது உண்டு. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தால் ரத்தானதற்குச் சமம் என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நீண்ட தூரப் பயணத்தில் தாமதம் நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் மட்டும் நிறுவனம் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். சேர்ந்த நேரம் எது என்பதைக்கூட நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது: சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அன்று, கதவுகளில் ஒன்றாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நேரம். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கும் மூன்று மணிக்கும் இடையே 300 யூரோவோ அதற்கு மேலோ வேறுபாடு இருக்கும்போது, கதவு திறந்த நேரத்தைக் குறித்து வைப்பது வீண் வேலையாகாது.

விலக்கு அங்கேயும் உண்டு, ஆனால் குறுகலானது. பராமரிப்பில் வழக்கமாக எதிர்ப்படக்கூடிய தொழில்நுட்பக் கோளாறு விலக்குக்குரிய காரணமாகாது என்று 2008-இலேயே தீர்ப்பாகிவிட்டது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் ஊதியம் கேட்டுச் செய்யும் வேலைநிறுத்தமும் விலக்காகாது. பிரான்சில் அடிக்கடி நடக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் விலக்காகும். இந்திய விதியோ வேலைநிறுத்தம் அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. நிறுவனம் பணத்துக்குப் பதிலாகப் பயணக் கூப்பன் நீட்டினால், பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே அது செல்லும். பிரான்சில் இத்தகைய கோரிக்கைக்குக் காலவரம்பு ஐந்து ஆண்டுகள் என்பதால், பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பார்ப்பதும் பயனளிக்கலாம். இணையத்தில் இதற்கென்றே இயங்கும் நிறுவனங்கள் கிடைக்கும் தொகையில் கால் பங்குக்கும் மேலே கூலியாகப் பிடித்துக்கொள்கின்றன. பிரெஞ்சு எழுதத் தெரிந்த உறவினர் ஒருவர் உள்ள குடும்பம், முதலில் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள படிவத்தைத் தாமே நிரப்பிப் பார்க்கலாம்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கிறவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் உதவாது. அவர்களுக்குத் துணை நிற்பது 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவில் அது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதத்தால் உண்டான இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்றும், இழப்பைத் தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்ததாக அது நிறுவினால் மட்டுமே தப்பலாம் என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்சவரம்பு, பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை என்னும் கணக்கலகில் 6,303. ரூபாயில் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். ஆனால் இது தானாகக் கிடைக்கும் நிலையான தொகை அன்று. இழப்பை ரசீதோடு காட்ட வேண்டும்: வேலைக்குச் சேரும் நாள் தவறியதால் பிடிக்கப்பட்ட சம்பளம், கூடுதலாக எடுத்த டிக்கெட், தங்கிய அறையின் பில். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை போய்விடும்.

இணைப்பு விமானம் பற்றி ஒரு சொல். லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒரு டிக்கெட், பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பது சில நேரம் மலிவாக இருக்கும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பயணி வரவில்லை என்று எழுதிவிடும். முதல் நிறுவனம் தன் டிக்கெட்டுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டும் இருந்தால்தான் இணைப்பு விமானத்துக்கு மேலே சொன்ன பாதுகாப்பு வரும்.

கோரிக்கையை முதலில் விமான நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்ப வேண்டும். அதன் குறைதீர் அலுவலர், அவருக்கு மேலுள்ள மேல்முறையீட்டு அலுவலர் ஆகியோரின் விவரங்கள் இணையதளத்தில் இருக்கும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். இரண்டுமே நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும் வழிகள். தீர்ப்பளிக்கும் இடங்கள் அல்ல. டி.ஜி.சி.ஏ. நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, தனிப்பயணிக்கு ஈட்டுத்தொகை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை.

அந்த வேலையைச் செய்வது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விதியில் தாமதத்துக்குப் பணம் இல்லை என்றாலும், உணவு தராதது, தகவலை மறைத்தது, பொய்க் காரணம் சொன்னது ஆகியவை சேவைக் குறைபாடாக இங்கே வழக்காகலாம். டாக்சிச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று விதிகளின் உச்சவரம்புக்கு வெளியே உள்ளவற்றையும் கேட்கலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர வழி செய்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரிலும் புதுச்சேரிக்காரர் புதுச்சேரியிலும் தொடரலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே பதியலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மனுவோடு டிக்கெட், போர்டிங் பாஸ், ரத்துக் குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், உணவு மற்றும் டாக்சி ரசீதுகள் ஆகியவை இருக்க வேண்டும். வழக்கு சில மாதங்களில் முடியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக உள்ளூர் ஆணையத்துக்கு ஆள் அனுப்பி வாதாடுவதைவிட, முதல் அறிவிப்பு கிடைத்ததும் பேசித் தீர்த்துக்கொள்வதே நிறுவனத்துக்கும் மலிவாகப் படலாம்.